சந்தனம் பூசிய ஹார்ட் டிஸ்க்

எஸ்.எஸ்.டி. என்ற பெயரே காதில் விழாமல், எல்லா டிஸ்க்கையும் ஹார்ட் டிஸ்க் என்றே சொன்ன காலத்தில் எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு ஒரு புது ஹார்ட் டிஸ்க் வந்தது. வந்ததா, பறந்தே வந்தது! அம்மாவின் தம்பி, திருவள்ளூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மாமா, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆயுத பூஜை காலையில் பைக்கில் எங்கள் ஊர் புதுவாயலுக்கு வந்து இறங்கினார்.

அந்த லேப்டாப், கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை பார்த்த இரும்பு ரோலிங் மில் ஆபீசில் வேண்டாமென்று கழித்துப் போட்டது. தடித்தது, கறுப்பு, சரியான சோம்பேறி. சுவிட்சைப் போட்டால் முனகும், உறுமும், யோசிக்கும், மறுபடி முனகும். அதற்குள் நான் குளித்து, தலைவாரி, நாஷ்டாவும் முடித்திருப்பேன். அப்பா ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் நேரம்தான் அம்மா பகல் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். முந்தின நாள் நான் அதில் வரைந்த படத்தைப் பார்க்காமல் கம்பெனி பஸ் ஏறக் கூடாதென்று அம்மாவுக்கு என் கட்டளை. ஆகவே, திரை விழிக்கும்வரை இருவரும் அதன் முன்னே உட்கார்ந்து, ஒரே டம்ளர் டீயை மாற்றி மாற்றிக் குடித்தபடி குசுகுசுவென்று பேசுவார்கள். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் என்று நிறைந்த வீடு அது. வேறெப்போதும் அவர்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நானோ மெஷினைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

மாமா முந்தின நாளே பழைய டிஸ்க்கை வாங்கிப் போய், என் படங்கள் உட்பட எல்லாவற்றையும் புதியதில் ஏற்றியிருந்தார். மாட்டுவதுதான் பாக்கி. ஸ்குரூ டிரைவர் தேடி அவர் உள்ளே போன நேரத்தில் அப்பா புது டிஸ்க்கைப் பூஜைத் தட்டில் வைத்து, குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்.

"இன்னா மாமா பண்ணி வெச்சிகிறீங்க! சர்க்யூட் பக்கம் பூரா சந்தனம்!" மாமா அலறினார்.

"பொட்டு வெக்காம புது மெஷின எவனாவது ஓட்டுவானா மச்சான்? மில்லுல மோட்டாருக்கே வெச்சிட்டுத்தான் சுவிட்சு போடுவோம்."

"அப்டியே ஒரு மாலையும் போட்டுடுங்க, செவுத்துல மாட்டிடலாம்" என்றாள் அம்மா.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாமா பனியன் துணியால் துடைத்தார், டூத் பிரஷ்ஷால் தேய்த்தார், ஊதினார், வெயிலில் காட்டினார். கடைசியில் மாட்டிவிட்டு சுவிட்சை அமுக்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தேன். பிள்ளையாரில் தொடங்கி மாரியம்மனுக்கு வருவதற்குள் திரை பளிச்! முனகல் இல்லை, உறுமல் இல்லை. தெருக்கோடிவரை ஓடினேன், எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், திரும்பி ஓடிவந்து அணைத்துப் போட்டேன், மறுபடி பளிச்!

லீவு முடிந்த முதல் காலை. அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்ததும் சுவிட்சைப் போட்டேன். நான் வரைந்த நீல ரயில் உடனே திரையில் வந்து நின்றது.

"சூப்பரா கீது கண்ணு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள் அம்மா. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தும், உட்கார வேறு சாக்கு இல்லாததுபோல, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த மாமாவை அப்பா ஓரமாகக் கூப்பிட்டார். "ஏன் மச்சான், அந்தப் பழசு இருக்குதா? அதையே திருப்பி மாட்டிட்டா இன்னா?"

"அக்கா, உன் ஊட்டுக்காரர் கேக்கறத கேட்டியா!" என்று மாமா கூவினார். வீடே சிரித்தது. புதுசின் அருமை தெரியாத அப்பா என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். அம்மா மட்டும், அடுப்பில் ஏதோ தீய்வதுபோல, சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.