பாலாற்றை மடித்தவள்

ஆம்பூரில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். பாலாற்று மணலில் நீலமாகத் தண்ணீர் கிடந்ததை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். 1978, மாசி மாதம், ஒரு புதன்கிழமை. காலை எட்டு மணிக்கு ஆறு வந்தது. பன்னிரண்டு மணிக்கு அதை மடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றியது எல்லம்மாவும் அவளுடைய செட்டுப் பெண்களும். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

என் பெயர் நந்தகோபால். இஷ்தியாக் அகமது முதலாளியின் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ரைட்டராக இருந்தேன். ஆட்களின் வருகை எழுதுவதும் லாரிக்குச் சீட்டுக் கொடுப்பதும் என் வேலை. குடியாத்தத்தில் அப்பாவின் லுங்கித் தறியில் உட்காரப் பிடிக்காமல் ஓடி வந்தவன் நான். அதனால் ஓடிப்போக நினைக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பாசம் உண்டு.

எல்லம்மா எங்கள் ஷாப்பில் பெண்களுக்கு மேஸ்திரி. குரோம் உப்பில் உருட்டிய மாட்டுத் தோல் டிரம்மிலிருந்து இறங்கும்போது சலவை நீலத்தில் முக்கிய துணி மாதிரி இருக்கும். அந்த ஈரம் காயக் கூடாது. காய்ந்தால் தோல் விறைத்துப் போகும், பிறகு எவ்வளவு ஊறப்போட்டாலும் சாயம் ஏறாது. அதனால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, முதுகுக் கோட்டில் மடித்து, அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார்கள். ஓரத்தில் நீலம் வெளுக்க ஆரம்பித்தால் போதும், எல்லம்மாவுக்குக் கீழ் இருந்த பன்னிரண்டு பெண்களின் செட்டு யாரையும் கேட்காமல் மடிக்கத் தொடங்கிவிடும். முதலாளி எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாலும் கை நிற்காது.

அவளுக்கு எட்டு வயதில் பூரணி என்று ஒரு மகள். புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் எல்லம்மா மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வருவாள். எதற்கு இந்தப் பாவம், குழந்தையை ஷாப்புக்குக் கூட்டி வந்தால் ஒரு மூலையில் விளையாடிக்கொண்டிருக்குமே என்று நான் ஒரு தரம் சண்டையே போட்டேன். அவள் நகக்கண்ணில் ஏறியிருந்த நீலத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என் பொண்ணு கை தோலத் தொடக் கூடாது ரைட்டரய்யா. ஒரு வாட்டி தொட்டுட்டா அப்புறம் அது விடாது."

அந்த வருஷம்தான் மெட்ராஸிலிருந்து அரங்கநாதன் வந்து சேர்ந்தார். சினிமா டைரக்டர் என்றதும் ஊரே அவரைச் சுற்றி நின்று ஹீரோ யார், சண்டை எத்தனை என்று கேட்டது. ஹீரோவும் இல்லை, சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை என்றார். ஒரு ஏழைச் சிறுமியின் கதையாம். அம்மா தோல் வேலைக்குப் போகும்போது அவளை வீட்டில் பூட்டிவிட்டுப் போகிறாள். உள்ளே அடுப்பு கொட்டாவி விடுகிறது. அம்மியும் குழவியும் தெலுங்கில் சண்டை போடுகின்றன. ஒரு மாட்டுத் தோல் நாலு காலில் நடந்து வந்து கதவைத் தட்டி, அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது. கடைசியில் காய்ந்த ஆற்றில் நீலத் தண்ணீர் நிறைய, கவிழ்த்துப் போட்ட கயிற்றுக் கட்டிலைப் படகாக்கி அவள் போயே போய்விடுகிறாள். எங்கே போகிறாள் என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு எவன் டிக்கெட் எடுப்பான்?

சிறுமியாக நடிக்க ஆள் தேடி அவர் தெருத்தெருவாக அலைந்தார். ஒரு சனிக்கிழமை பூரணியின் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து, உள்ளே தனியாக பயமாக இல்லையா என்று கேட்டிருக்கிறார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே வெயிலில் நிற்கிற உங்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது என்றாளாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

எல்லம்மா துடைப்பத்தை எடுப்பாள் என்று நாங்கள் காத்திருந்தோம். அவள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கடைசில புள்ள போய்டுமா, திரும்பி வந்துடுமா?"

போய்விடும் என்றார் டைரக்டர். "அப்போ எடுத்துக்கோங்க" என்றாள். மகள் போகிறதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு அந்தப் படத்தில் இருந்த ஒரே அக்கறை.

பத்து நாள் தெருவில் ஒரே அமர்க்களம். அடுப்புக்கு ரப்பரில் வாய் வைத்தார்கள். தோலுக்குள் நாலு பேர் புகுந்து நடந்தார்கள். அதைப் பார்த்து நிஜ மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சினிமா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நான் வருகைப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மிச்சம் இருந்தது கடைசிக் காட்சியின் ஆறு. அதற்கு நீலத் தோல் இருநூறு வேண்டும் என்றார் டைரக்டர். முதலாளி முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், கடைசியில் காலை பத்து மணிவரை என்று ஒப்புக்கொண்டார். ஒரு தோல் விறைத்தாலும் தன் மேஸ்திரி வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லம்மா பொறுப்பேற்றாள்.

புதன்கிழமை விடிந்ததும் மணலில் சாக்கு விரித்து, அதன் மேல் இருநூறு தோலையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பரப்பினார்கள். எட்டு மணிக்கு வெயில் பட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சத்தியமாக ஆறுதான். கரையோரம் இருந்த ஹலீமா பீ வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டவர்கள் வெள்ளம் வந்துவிட்டது என்று அலறிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். நடுவில் கட்டில், நாலு காலும் மேலே, ஒரு காலில் பழைய புடவை படகுப் பாயாகக் கட்டியிருந்தது. அதற்குள் பூரணி ராணி மாதிரி நின்றாள்.

கட்டில் நகராது, கேமராதான் நகரும், பார்த்தால் அவள் போகிற மாதிரி தெரியும் என்று ஏற்பாடு. ஆனால் டைரக்டருக்கு மேகம் வேண்டுமாம். ஈரத்தில் வெயில் கண்ணைக் குத்துகிறதாம். குடையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. மேகமாவது ஒன்றாவது! மாசி வெயில் ஏறிக்கொண்டே போனது.

ஆற்றின் அந்தக் கோடியில் ஒரு தோலின் ஓரம் வெளுத்தது. செட்டில் இருந்த முனியம்மா குனிந்து ஒரு முனையை எடுத்தாள். மறுமுனையை எல்லம்மா எடுத்தாள். மடித்தார்கள், அடுக்கினார்கள், அடுத்தது. பன்னிரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தாங்கள் நிற்பது ஷாப்பில் அல்ல, சினிமாவில் என்பதையே மறந்துவிட்டார்கள். நானும் மறந்துதான் போனேன், சரியான நேரத்துக்கு ஆரம்பித்தார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே ஆறு சுருங்கியது.

"அம்மா, ஆத்த மடிக்காத" என்று கட்டிலில் இருந்து பூரணி கத்தினாள்.

எல்லம்மா திரும்பவில்லை. அவள் கண்ணில் தோல் மட்டும்தான் இருந்தது. கேமராக்காரர் சத்தமில்லாமல் கேமராவைத் திருப்பி ஓடவிட்டார். முனியம்மா ஈரச் சாக்கு எடுக்கப் போயிருந்தாள். எல்லம்மா ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனைக்கு ஆள் வரட்டும் என்று நிமிராமலே காத்திருந்தாள். பூரணி கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். மறுமுனையைப் பிடித்தாள். முதுகுக் கோட்டில் மடித்து, உள்ளே நின்ற காற்று போக உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். சுருக்கமே இல்லை. பத்து வருஷம் செட்டில் இருந்தவளுக்குத்தான் அந்தக் கை வரும். அப்படி நாலு தோல் மடித்தாள். கரையில் எல்லோரும் கை தட்டிய பிறகுதான் எல்லம்மா நிமிர்ந்து எதிரில் நிற்பது யார் என்று பார்த்தாள்.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. நீ பூட்டிட்டுப் போனா வீட்ல நான் இதான் வெளையாடுவேன். கோணியத் தோலா வெச்சிக்கினு."

டைரக்டர் குடையை வீசிவிட்டு ஓடி வந்தார். இதுதான் முடிவு, இதைவிட வேறு முடிவு வேண்டாம், தோலை எடுத்துப் போங்கள் என்று எல்லம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். மணி பத்தாகப் பத்து நிமிஷம். ஒரு தோல்கூடக் கெடவில்லை. அப்படியே மடித்து ஏற்றியிருந்தால் வேலையும் பத்திரம், பேரும் பத்திரம். எல்லம்மா கையை உதறிக்கொண்டு செட்டைப் பார்த்து, "விரிங்கடி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெயிலைக் காட்டினேன், வாட்சைக் காட்டினேன், முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினேன். அவள் தணிந்த குரலில்தான் பேசினாள்.

"இவ போவணும் ரைட்டரய்யா. கேமரா போனா பத்தாது. கட்டிலோட இழுங்க."

கட்டில் சட்டம் தேய்த்தால் தோலின் முகம் கீறிவிடும். ஒரு நகக்கீறலுக்கே ஆட்களை ஏசுகிறவன் நான். ஆனால் என்னமோ எனக்கும் வேகம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் கட்டிய கயிற்றைப் பிடித்த முதல் ஆள் நான்தான். ஆறு மறுபடி விரிந்தது. ஆறு பேர் இழுத்தோம். ஈரத்தில் கட்டில் வழுக்கிக்கொண்டு பறந்தது. பெண்கள் இரண்டு பக்கமும் குடத்திலிருந்து தண்ணீரை வீசிக்கொண்டே ஓடினார்கள். கரையில் ஊரே கூவியது. பூரணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்று கேமராக்காரர் சொன்ன பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. ஆறு முடிந்து வெறும் மணலில் வெகு தூரம் இழுத்துப் போய்த்தான் விழுந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் மூச்சு வாங்கியதில்லை.

பதினோரு தோல் கெட்டது. முதலாளி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ இப்டிப் பண்ணுவேன்னு நான் நெனைக்கல எல்லம்மா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் முனியம்மா மேஸ்திரி ஆனாள். எல்லம்மா கூடை தூக்கும் வரிசைக்குப் போனாள். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. படம் வரட்டும், வந்தால் பாருங்கள் என்று டீ நேரத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படம் வரவில்லை. டெல்லியில் பரிசு கிடைத்ததாகக் கடிதம் வந்தது. ஆம்பூர் கொட்டகைக்காரர்கள் சண்டை இல்லாத படத்தைத் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து, வேலூர் பாகாயத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தார் ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் போடுவதாகவும், எல்லோரும் வர வேண்டும் என்றும் டைரக்டர் எழுதினார். எல்லம்மா, செட்டின் பன்னிரண்டு பெண்கள், பதினோரு வயதுப் பூரணி, நான். வேலூர் பஸ்ஸில் பாதி சீட்டு நாங்கள்தான்.

அடுப்பு கொட்டாவி விட்டதும் எங்கள் வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. தன் வீட்டு வாசலைத் திரையில் பார்த்ததும் முனியம்மா எழுந்தே நின்றுவிட்டாள். பிறகு ஆறு வந்தது. எல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மடங்கியது. சிறுமி கத்தினாள், இறங்கி வந்தாள், அம்மாவின் எதிர்முனையைப் பிடித்தாள், மடித்தாள், ஒரு தட்டுத் தட்டினாள். திரை இருண்டது. படித்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எங்கள் வரிசை மட்டும் கட்டில் கிளம்பட்டும் என்று உட்கார்ந்திருந்தது.

வாசலில் டைரக்டரைப் பிடித்து எல்லம்மா கேட்டாள். இரண்டையும் போட்டுப் பார்த்ததாகவும், கட்டில் போகிறது வெறும் கதை மாதிரி இருந்ததாகவும், தோல் மடிக்கிறதுதான் நிஜம் என்றும் அவர் மெதுவாக விளக்கினார்.

"நெஜம் எனக்குத் தெரியும் சார். தெனம் பார்க்கறேன். அதப் பார்க்கவா நாங்க பஸ் ஏறி வந்தோம்?"

அதற்கும் அவர் ஒரு விளக்கம் சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் எல்லம்மா அழுதாள். மேஸ்திரி வேலை போனபோது அழாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள். போகிறாள் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவளையும் மடிக்க வைத்துவிட்டாரே என்றாள். பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த பூரணிதான் பேசினாள்.

"எதுக்கும்மா அழற? நான்தான் போய்ட்டேனே. நீங்கல்லாம் இழுத்து இழுத்து மணல்ல வுழுந்துட்டீங்க. கட்டில் நிக்கவே இல்ல."

எல்லம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கே போனாய் என்று கேட்டாள். பூரணி சொல்லத் தொடங்கினாள். ஆறு ஏலகிரி மலை மேல் ஏறியதாம். அங்கே பலா மரங்களெல்லாம் குளிக்க இறங்கி வந்தனவாம். பன்னிரண்டு பெண்களும் முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்துகொண்டு அப்புறம், அப்புறம் என்றார்கள். வழியில் பள்ளிகொண்டா போனதும் மாதனூர் போனதும் யாருக்கும் தெரியாது. ஆம்பூர் பஸ் நிலையத்தில் வண்டி நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் கத்தியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் இருப்பா" என்றாள் எல்லம்மா. "புள்ள இன்னும் கரை சேரல."