கோப்பைக்குள் ஒரு வளையம்

"...அதான் சொல்லுதேன் அண்ணாச்சி, எங்க மாமியாரு கையில கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்த கோப்பை. இவ வந்த முத நோம்புலயே உள்ளாற மெருகைப் போக்கி வழுக்கையாக்கிட்டா. பாய் முடையுத பத்தமடைக்காரில்லா, கோரைக் கழிவை உருட்டித் தேய்ச்சிருக்கா!"

மேலப்பாளையத்திலிருந்து வந்த அந்த அம்மா பேசிக்கொண்டே கோப்பையைச் சேலைத் துண்டிலிருந்து பிரித்து என் மேசையில் வைத்தார். கூட வந்த மருமகளுக்கே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. தோளில் பையோடு தள்ளி நின்றார். அந்த முதல் நோன்பிலிருந்து அவரை அதைத் தொட விடுவதில்லையாம். நோன்புக் கஞ்சியை அதில் ஊற்றுவதும் கழுவுவதும் மாமியார்தான்.

"நோம்பு வருது. போன மெருகைத் திரும்பப் போட முடியுமான்னு பாருங்க."

பாளையங்கோட்டையில் எனக்குப் பழைய சாமான் கடை. பீங்கானைப் பற்றி யாரிடமும் படித்தவனில்லை. உடைந்ததையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் பீங்கானைவிட அதோடு வருகிற பேச்சுதான் எனக்குப் பிடிக்கும். எந்தக் கோப்பை வந்தாலும் கூடவே ஒரு ராஜாவும் வருவார். இதற்கும் வந்தார்.

"சீனத்து ராசா வீட்டுச் சாமான். எங்க வீட்டுக்காரரோட பாட்டனாரு ரங்கூன்லருந்து கொண்டாந்தது."

கவிழ்த்துப் பார்த்தேன். அடிவிளிம்பில் சூளை மணல் ஒட்டியிருந்தது. வெளியே அவசரக் கையால் இழுத்த நீலப் பூ. உள்ளே, நடுவில், மெருகில்லாமல் சொரசொரவென்று ஒரு வளையம்.

"நான் தேய்ச்சது ஒரே ஒரு தடவ" என்றார் மருமகள் மெதுவாக. "ஒரு தேய்ப்புல இப்படி வட்டமாத் தேய, நான் என்ன குயவன் சக்கரமா?"

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்றார் மாமியார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சொன்னதில்தான் விஷயமே இருந்தது. மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைத் துழாவி, இதே ஜாதியில் பாதி உடைந்த கோப்பை ஒன்றை எடுத்து இதற்குள் வைத்தேன். அதன் அடிவிளிம்பு அந்த வளையத்தின்மேல் அச்சாக உட்கார்ந்தது.

"சூளையில இப்படித்தாம்மா ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குவாங்க. மெருகு இருந்தா உருகி ஒட்டிக்கிடும். அதனால அந்த இடத்துல மட்டும் முதல்லயே வழிச்சிருவாங்க. ஓரம் செவந்திருக்கு பாருங்க, அது நெருப்பு பட்ட செவப்பு. தேய்ச்சா இப்படி வராது."

அந்த அம்மா வளையத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"அப்போ ராசா?"

"ராசா வீட்டுக் கோப்பையை இப்படி அடுக்க மாட்டாங்க. சீனத்துத் தெக்குக் கடற்கரைச் சனம் பொழங்குனது. நூறு வருசத்துக்கு மேல இருக்கும். இன்ன வருசம்னு நான் சொன்னா புளுவுதேன்னு வச்சுக்கிடுங்க."

"அங்கனயும் கஞ்சிதானா!" என்று சிரித்தார். பிறகு முகம் யோசனைக்குப் போனது. "கண்ணாடியா இருந்துச்சுன்னுல்லா நெனச்சேன்."

"உங்க மாமியார் காலத்துல நீங்க உள்ளே பார்த்திருக்கீங்களா?"

"எங்கன பாக்க? கஞ்சியோட வரும், கஞ்சியோட போவும். அவுக என்னையும் தொட விடலியே."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கோப்பையைத் துணியில் சுற்றினார். மருமகளின் தோளில் கிடந்த பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "பத்திரமாப் புடி, பஸ்ஸுல கூட்டமா இருக்கும்" என்று கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் படியிறங்கினார்.