மிளகாய்ச் சாக்கும் மழைப் பாடமும்

என் தங்கை சந்தனமாரி இரண்டாம் தடவையும் தேறாமல் போயிருந்தால் அந்தப் பாவம் என் தலையில்தான் விடிந்திருக்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் சொல்லிவிடுவாள், அதுவும் நாலு பேர் இருக்கும்போது.

எங்கள் அப்பா பிச்சைமணி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து சுமை தூக்கியவர். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காயலைப் பார்த்தபடி இருந்த ஒரு மிளகாய் மண்டியில் வேலை. அவர் மூட்டை இறக்குவார். அம்மா அங்கம்மாள் மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவாள். வீரபாண்டி என்று ராஜா மாதிரி பெயர் வைத்துக்கொண்டு நான் அதே மண்டியில் கைவண்டி இழுத்தேன். காலையில் மூன்று பேரும் ஒன்றாகப் போவோம், மாலையில் மூன்று பேரும் ஒன்றாகச் சிவந்து திரும்புவோம்.

படிப்பு ஏறியது சந்தனமாரிக்கு மட்டும்தான். மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்து, 1979-ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடமும் வாங்கிவிட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சாயாக்கடைக்கு வரும் தமிழ்ப் பேப்பரை நான் படித்துக் காட்டினால் என்னைப் பெரிய மேதாவி என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அவளுக்கு என்மேல் மரியாதை.

பயிற்சியின் கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து வகுப்பின் பின்னால் உட்காருவார். அவர் முன்னால் நாற்பது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வெறும் சாக்பீஸோடு நடத்தினால் போதாது, ஏதாவது ஒரு கருவியையும் பயன்படுத்த வேண்டும் என்று அவர்கள் பள்ளியில் அப்போது புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். ரேடியோ, டேப் ரிக்கார்டர், ப்ரொஜக்டர் என்று மூன்று. சீட்டுக் குலுக்கினார்கள். என் தங்கைக்கு ப்ரொஜக்டர் விழுந்தது.

அது சாம்பல் நிறத்தில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கண்ணைக் குத்தும் ஒரு பல்ப், முன்னால் ஒரு லென்ஸ். கேமரா பிலிம் மாதிரி ஒரு சுருளை அதில் மாட்டித் திருகினால் ஒவ்வொரு படமாகச் சுவரில் விழும். இவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் அப்போது மின்சாரமே கிடையாது. ஸ்விட்ச் என்றால் மண்டியில் மேஸ்திரி மட்டும் தொடுகிற சாமான் என்று வளர்ந்தவள் அவள். அந்தப் பெட்டியை அவள் தொட்டது, பாம்பைத் தொடுகிறவள் தொடுவது மாதிரிதான்.

முதல் தேர்வு 1981 மார்ச்சில் நடந்தது. படச்சுருளைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். சுவரில் தென்னை மரம் வேரை மேலே நீட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவசரமாகக் கழற்றி நேராக மாட்டினாள், ஆனால் அதற்குள் மனசு தலைகீழாகப் போய்விட்டது. மீதி நேரம் முழுக்கப் பெட்டியைப் பார்ப்பதும், தேர்வாளர் எழுதுகிறாரா என்று பார்ப்பதுமாக ஓட்டினாள். 'வகுப்பில் குழந்தைகள் இருப்பது இவருக்கு நினைவில் இல்லை' என்று அந்தத் தேர்வாளர் எழுதி, தோல்வி போட்டுவிட்டுப் போனார்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் இரண்டு வருடப் படிப்பும் வீண், முதலிலிருந்து சேர வேண்டும். காம்பு கிள்ள இன்னொரு ஆள் வேண்டும் என்று மேஸ்திரி அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. ஆனால் மண்டியில் பேசினால் எனக்குக் கேட்காதா?

சந்தனமாரி மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்குப் போய், பியூன் அப்புச் சேட்டனிடம் நின்றாள். பெட்டி இருந்த அலமாரியின் சாவி அவரிடம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைத்து வைக்க வேண்டியது அவர் வேலை. அந்த வேலையை அவர் ஒரு வெள்ளிக்கிழமையும் செய்ததில்லை. "நான் தொடச்சு வைக்கிறேன் சேட்டா" என்று இவள் கேட்டதும் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு பீடி பிடிக்கப் போய்விட்டார்.

அப்படி ஒன்பது மாதம். லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பல்பை மாற்றப் பழகினாள். சூட்டோடு பல்பைத் தொட்டு விரலைப் பொசுக்கிக்கொண்டாள். வீட்டில் வேறு கூத்து. மண்டியில் கிடந்த ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையில் நூல் கண்டு ஒன்றை ஆணியடித்து மாட்டித் தரச் சொன்னாள். அந்தக் கண்டுதான் திருகு. அதைத் திருகிக்கொண்டே, பெட்டியைப் பார்க்காமல், அம்மாவையும் என்னையும் பார்த்துப் பாடம் நடத்துவாள். கை தானாகத் திருக வேண்டுமாம், கண் எங்கள் மேல் இருக்க வேண்டுமாம். மழை எப்படிப் பெய்கிறது என்று நான் அந்த வருடம் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கஞ்சியில் பாதி வாயில் இருக்கும்போது, "வீரபாண்டி, மேகம் எங்கிருந்து வருது?" என்பாள். பதில் சொல்லாவிட்டால் எழுந்து நிற்கச் சொல்வாள். சொந்த அண்ணனை!

இரண்டாம் தேர்வு 1982 ஜனவரியில், எங்கள் மண்டிக்கு நாலு சந்து தள்ளி இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். நாலாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் பஜாரில் சுமை தூக்குகிறவர்கள், சாக்கு தைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு நாள் முன்னால் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் முகம் தொங்கிக் கிடந்தது.

"அண்ணே, நாலு ஜன்னல் இருக்கு. ஒண்ணுக்கும் கதவு இல்ல, வெறும் கம்பிதான். வெயிலு அப்பிடியே உள்ள அடிக்குது. இருட்டு இல்லாம படம் தெரியாது."

"இவ்வளவுதானா? சாக்கு கட்டிருவோம். மண்டியில சாக்குக்கா பஞ்சம்?" என்றேன்.

புத்திசாலி என்றால் நான்தான் புத்திசாலி. மேஸ்திரியிடம் கேட்டுப் பன்னிரண்டு காலிச் சாக்கு எடுத்தேன். எல்லாம் குண்டூர் மிளகாய் வந்த சாக்கு. அது தெரியாமல் இல்லை. படகுத்துறைக் கல்லில் ஒவ்வொன்றையும் அடித்து உதறினேன். அப்பா ஒருமுறை உதறினார். வெயிலில் காய வைத்து, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. அம்மா முகர்ந்தாள், "துணி மாதிரி இருக்குடா" என்றாள். சந்தனமாரியும் முகர்ந்து பார்த்து, "ஒண்ணும் கொழப்பமில்ல" என்றாள். இருபது வருடமாக எங்கள் சோற்றிலும் தலையணையிலும் இருந்த நெடி அது. அந்த நெடியைப் போய் எங்கள் மூக்கிடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

தேர்வன்று காலையில் கைவண்டியில் சாக்குகளைக் கொண்டுபோய் நாலு ஜன்னலையும் அடைத்தேன். அறை நன்றாக இருட்டியது. பெட்டியை வகுப்பின் பின்னால் ஒரு மேஜையில் வைத்தாள். படம் சுவரில் கொஞ்சம் கீழே விழுந்தது. ஒரு சாக்கை நாலாக மடித்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்தேன், படம் சரியான உயரத்துக்கு வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் தேர்வாளருக்கு ஒரு நாற்காலி போட்டதும் நான்தான்.

தேர்வாளர் எர்ணாகுளத்திலிருந்து போட் ஏறி வந்திருந்தார். கமலாக்ஷி டீச்சர். ஐம்பது வயதிருக்கும், பாலக்காட்டுத் தமிழ்க்காரர், வெள்ளைப் புடவை, கையில் ஒரு பைல். முகத்தில் சிரிப்பு என்கிற சங்கதியே இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். கதவைச் சரியாகச் சாத்த முடியாது. இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது.

சந்தனமாரி ஸ்விட்சைப் போட்டாள். சுவரில் கடல் வந்தது, நேராகவே வந்தது. எனக்கு மூச்சு வந்தது. கை தானாகத் திருகியது. கண் பிள்ளைகள் மேல் இருந்தது. கடல், வெயில், ஆவி. மலையாளத்தில் அழகாகச் சொல்லிக்கொண்டே போனாள். மேகம் வந்தபோது முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கியது.

"டீச்சரே, கடல் தண்ணிதானே மேகமாகுது? அப்ப மழை ஏன் உப்புக் கரிக்கல?" என்று மலையாளத்தில் கேட்டது.

அது தயாரித்து வைத்த பாடத்தில் இல்லை. நூறு தடவை கேட்டவன் நான், எனக்குத் தெரியும். சந்தனமாரி பெட்டியை விட்டுவிட்டு வகுப்பின் முன்னால் நடந்து போனாள். மேகப் படம் அவள் சேலை மேலேயே விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"வீட்ல உப்புப் போட்ட கஞ்சி கொதிக்கும்போது மூடியத் திறந்தா, மூடிக்கு அடியில தண்ணி நிக்குமே, அத யாராவது நக்கிப் பாத்திருக்கீங்களா?"

நாலைந்து கைகள் உயர்ந்தன. ஒருத்தன் உப்பு இருந்தது என்றான், இன்னொருத்தன் இல்லவே இல்லை என்றான். இரண்டு பேரும் சண்டைக்கு நின்றார்கள். வகுப்பு முழுக்க ஒரே கூச்சல். கூச்சலுக்கு நடுவில் இவள் நின்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கதவு படாரென்று திறந்தது. கமலாக்ஷி டீச்சர் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. தும்மல் ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. பெட்டியின் சூட்டில் அடியில் இருந்த சாக்கு வெதும்பியிருக்கிறது. அந்தக் காரம் நேராகப் பக்கத்து நாற்காலிக்குப் போயிருக்கிறது. பிள்ளைகளில் ஒன்றிரண்டு செருமியதோடு சரி. எல்லாம் எங்களைப் போன்ற மூக்குகள்.

நான் ஓடிப்போய் எதிர்க்கடையில் சோடா வாங்கி வந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னடாப்பா அது? அந்தச் சாக்குல என்ன இருந்தது?"

"மொளகா, டீச்சர். தட்டி ஒதறித்தான் கொண்டாந்தேன். எங்களுக்கு நெடி தெரியல. என் தப்புதான், தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது. மன்னிச்சிருங்க டீச்சர்." கதவுப் பக்கம் திரும்பினேன். "உள்ள போயி நிறுத்தச் சொல்லிட்டு வர்றேன்."

கையை நீட்டி என்னைத் தடுத்தார். "பேசாம நில்லு." கதவிடுக்கில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். வாயில் முந்தானை, கண்ணில் நீர். மணி அடிக்கும்வரை அப்படியே நின்று பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று குலதெய்வத்திடமெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே சந்தனமாரி சிரிக்கும் சத்தம் கேட்டது. தேர்வில் யாராவது சிரிப்பார்களா?

மணி அடித்தது. ஸ்விட்சை அணைத்துப் படத்தைச் சுருட்டிவிட்டுத் திரும்பியவள் காலி நாற்காலியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வெளியே ஓடி வந்தாள்.

கமலாக்ஷி டீச்சர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பைலைத் திறந்திருந்தார்.

"நான் எப்போ எழுந்திருந்து போனேன்? சொல்லு பாப்போம்."

சந்தனமாரி என்னைப் பார்த்தாள்.

"தெரியல டீச்சர்" என்றாள். "மழையில உப்பு ஏன் இல்லைன்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. அதுக்கப்புறம்... உங்கள மறந்தே போயிட்டேன்."

போச்சு. எந்தத் தேர்வாளரிடமும் சொல்லக்கூடாத பேச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு தும்மல். பிறகு பைலை மூடிவிட்டு எழுந்தார்.

"பெத்தவா வச்ச பேரை இனிமே ஆத்துலதான் கூப்பிடுவா. வெளியில எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுவா. பழகிக்கோ" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ அந்தச் சாக்கை எல்லாம் கழட்டுடா, சீக்கிரம்" என்றார்.

சந்தனமாரி அழுதாள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். உப்புக் கேட்ட பெண் வந்து, "டீச்சரே, நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டது. ஜூன் மாதம் வருகிறேன் என்று இவள் சொன்னாள். வேலை உத்தரவு கைக்கு வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் கூசாமல் சொன்னாள். நானும் அதை நம்பினேன்.