மீன்காரி வீட்டுக்குப் போன கம்பளம்

டாக்டர் வீட்டுக் கம்பளம் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கக் குடிக்கக் கனத்துக்கொண்டே போனது. அத்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு முனையைத் தூக்க, அக்காவும் நானும் மறுமுனையைப் பிடித்து இழுத்தோம். சிவப்புப் பூக்களும் நீலக் கொடிகளும் தண்ணீருக்கடியில் அசைந்தனவே தவிர, கம்பளம் கரைக்கு வருவதாக இல்லை. கயிறு திரிக்கிற தேங்காய்த் தொண்டு ஏற்றிக்கொண்டு அவ்வழியே வந்த வள்ளக்காரர் இருவர் எங்கள் பாட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கைகொடுத்தார்கள். “இது எந்த மிருகத்துக்க தோலு?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அத்தான் சிரித்தார். தன் தம்பியைக் கடலுக்குக் கொடுத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் ஊர் இனயம். அத்தானும் அவர் தம்பியும் ஒரே கட்டுமரத்தில் போனவர்கள். ஒரு ஆடி மாதத்தில் மரம் கவிழ்ந்து, அத்தான் மட்டும் கரை சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. கடற்கரைப் பக்கமே காலெடுத்து வைக்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து மற்றவர்களுடைய கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தார். கடலோரத்தில் ஒரு ஆண்பிள்ளை அப்படி வீட்டில் இருப்பது லேசான காரியமில்லை. அவர் காதுபடவே கேலி பேசினார்கள். அக்கா பனையோலைக் கடவத்தில் மீன் சுமந்து, கரையை விட்டு உள்ளே இருந்த ஊர்களில் சந்தையிலும் வீடுகளிலும் விற்று வந்ததில் அடுப்பெரிந்தது. அக்காவோடு நானும் போவேன். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை.

நாடு சுதந்திரமடைந்த சமயம் அது. மலையில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். மேசை, நாற்காலி, கண்ணாடி, கம்பளம் எல்லாம் நம்மூர் டாக்டர், வக்கீல் வீடுகளுக்கு வந்தன. வாங்கி விரித்தவர்களுக்கு அதைச் சுத்தம் செய்யும் விதம் தெரியவில்லை. நாங்கள் மீன் கொடுக்கும் டாக்டர் வீட்டம்மா ஒருநாள், கம்பளத்தில் குழம்பு கொட்டிவிட்டதென்றும் துணி வெளுப்பவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடியாதென்று போய்விட்டாரென்றும் சொல்லி வருத்தப்பட்டார். அக்கா மீனை எடுத்து வைத்துக்கொண்டே, “எனக்க வீட்டுக்காரரு செய்து தருவாரு” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தானிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அத்தான் அன்றிரவு கோபப்பட்டார். ஆனால் மறுநாள் காலையிலேயே ஒரு வள்ளம் கேட்டு வாங்கி வந்தார். கடல்நீர் ஏறாத இடமாகப் பார்த்து ஆற்றில் மேலே போய், பூந்திக்காய் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, தென்னந் தும்பால் தேய்த்தார். வலையை முறுக்கிப் பிழிந்தால் இழை விட்டுவிடும். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, பிழியாமல் கழிகளில் போட்டு நீர் வடியவிட்டார். அக்கா மட்டும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தாள். வாசனைக்குக் கொஞ்சம் புல்தைலம் தெளிக்கலாமா என்று நான் கேட்டபோது, “வேண்டாம் பிள்ள. மீன் நாத்தத்த மறைக்கதுக்குத் தெளிச்சாவண்ணு சொல்லுவாவ” என்றாள்.

டாக்டர் வீட்டம்மாவுக்கு மிகுந்த திருப்தி. தனக்குத் தெரிந்த வக்கீல் வீட்டுக்கும் சொல்லி விடுவதாகச் சொன்னார். அடுத்த முறை நாங்கள் போனபோது அவர் முகம் சரியில்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மீன்காரி வீட்டுக்குப் போய் வந்த கம்பளத்தில் எப்படிக் கால் வைப்பது என்று வக்கீல் வீட்டம்மா கேட்டாராம். அக்கா கடவத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் விடியற்காலையில் கடவத்தை என் கையில் கொடுத்து, “இனி நீ போ. நான் போவல்ல” என்றாள். அத்தான் வெளியே வந்தார்.

“உனக்குக் கிறுக்கா? நாளைக்கு ஒருத்தரும் கம்பளம் தரல்லண்ணா என்ன செய்வ?”

“நீங்க கடல விட்டப்ப நான் ஒரு வார்த்த கேட்டனா? நீங்களும் கேக்காதிங்க.”

எத்தனையோ வருடங்கள் கழித்தும் அந்த இரண்டு வாக்கியங்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு. அக்காவுக்குச் சந்தை என்றால் உயிர். விலை பேசுவதும் வம்பளப்பதும் திரும்பும் வழியில் நிழல்கண்ட இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதுமாக, அவளுக்கென்று இருந்த உலகம் அது ஒன்றுதான். அதை அவள் ஒரு விடியற்காலையில் விட்டுவிட்டாள்.

முதல் மழைக்காலம் கஷ்டமாக இருந்தது. வந்த ஒன்றிரண்டு கம்பளங்களும் காயாமல் பூசணம் பூத்துப்போயின. நான் மீன் விற்றுக் கொண்டுவந்ததை வைத்துச் சமாளித்தோம். கடவத்தை அம்மா வீட்டில் வைத்து, அங்கேயே குளித்து, புடவை மாற்றிக்கொண்டுதான் அக்கா வீட்டுக்குள் நுழைவேன். பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. டாக்டர் வீட்டம்மா சொல்லி கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜிலிருந்து ஆள் வந்தது. வடசேரி ஜவுளிக்கடை ஒன்றில் ஜமுக்காளங்கள் கொடுத்தார்கள். கடைசியில் வக்கீல் வீட்டுக் கம்பளமும் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. அக்கா அதை மற்றக் கம்பளங்களைப் போலவே வாங்கி வைத்தாள்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பிறகு வந்த ஒரு திருவிழாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வேதக்கோயில் நடுவில் விரிக்கும் நீளக் கம்பளத்தைப் பங்குச்சாமியார் அத்தானிடம் கொடுத்திருந்தார். கழுவியாயிற்று. ஆனால் மழை விடவில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின நாள்தான் வெயில் வந்தது. ஆற்றங்கரை முழுக்கச் சேறு. அவ்வளவு நீளத்தை விரித்துக் காயவைக்கக் கடற்கரை மணலைத் தவிர வேறு இடமில்லை.

அத்தானும் இரண்டு ஆட்களும் ஈரக் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் சுமந்து போனார்கள். நாங்கள் பின்னால் போனோம். தென்னைகள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் அத்தான் நின்றுவிட்டார். மணல் முழுக்க வலைகள் விரித்துக் கிடந்தன. வலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கேலி பேசியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அத்தானின் தம்பியோடு சேர்ந்து வளர்ந்த ஒருவர் எழுந்து, தன் வலையைச் சுருட்டி ஒதுக்கினார். பக்கத்திலிருந்தவரும் ஒதுக்கினார். நீளமாக ஒரு இடம் பிறந்தது.

“இஞ்ச விரியும்” என்றார் அவர்.

அத்தான் மணலில் இறங்கினார்.

நடுப்பகலில் அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். அத்தான் கம்பளத்தின் ஓரத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலை ஒதுக்கியவர் பக்கத்தில் இருந்தார். “நனைஞ்சா வலையவிடக் கனம் உண்டும் இல்லியா?” என்று அவர் கேட்பதும், அத்தான் ஏதோ விளக்குவதும் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டன. அக்கா தென்னை மரத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

“போவலாம் அக்கா, கஞ்சி ஆறுது” என்றேன்.

“ஆறட்டு பிள்ள,” என்றாள் அக்கா. “அவிய பேசட்டு.”