எல்லாரும் குடித்த பிறகு

அவருடைய வேலை அசையாமல் நிற்பது. சாலை போடுவதற்கு முன்னால் நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்க ஒரு குழு வரும். அதில் இரண்டு ஆள் உயர அளவுகோலை நட்டுப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். தூரத்தில் பொறியாளர் கருவி வழியாகப் பார்த்து எண்ணைக் குறித்து முடிக்கும் வரை கோல் ஆடக் கூடாது. முப்பத்தோரு வருடம் அந்தக் கோலைப் பிடித்தார். வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் காட்டிலும் மலைச்சரிவிலும் கூடாரத்தில்தான் வாசம். குழுவில் எல்லாருக்கும் அவர் கோலண்ணன். ஒரு முறை குளவி கழுத்தில் கொட்டியும் எண்ணைக் குறித்து முடிக்கும் வரை அப்படியே நின்றாராம். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, "யாராவது சுண்ணாம்பு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாராம்.

வீட்டோடு இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் அவர் வீட்டுக்குப் போனபோது பக்கவாதத்தில் அவருடைய வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. வயது அறுபத்தாறு. பிள்ளைகள் இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கும் கல்லோடு சின்ன முற்றம். கட்டில் உள்ளறை வாசலில் நுழையாததால் முன்னறையில் போட்டிருந்தார்கள். எதிரே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. காலையில் அங்கே காற்றடிக்கும் சத்தத்தில்தான் அவர் கண் விழிப்பார்.

விழுங்கும் தசை பலவீனமாகிவிட்டதால் தண்ணீர் மாதிரி நீர்த்தது எது கொடுத்தாலும் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கென்று ஒரு மாவு உண்டு. எதைக் கொடுத்தாலும் அதைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியால் கொடுக்க வேண்டும். மசித்த சாப்பாட்டை ஓரளவு வாங்கிக்கொண்டார். மாவு கலந்த தண்ணீரைத் துப்பினார். அதில் ஆச்சரியம் இல்லை, கஞ்சிப்பசை மாதிரி இருக்கும். நான் ருசி பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ் சொல்லிவிட்டார்: "பன்னெண்டு நாள் பார்க்கலாம்மா. நீர் இறங்கலைன்னா மூக்குல குழாய்தான். வேற வழியில்ல."

குழாய் என்றால் அவர் பிடுங்குவார், பிடுங்காமல் இருக்க நல்ல கையையும் கட்டிலோடு கட்ட வேண்டும். இருந்த ஒரே கை அதுதான். அதனால் எனக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் ஒரே குறி, எப்படியாவது குடிக்க வைப்பது.

"காப்பி குடிப்பாரா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"காட்டுல காப்பி காய்ச்சுறதே இவர்தானாம். ஆனா என் காப்பி மட்டும் புடிக்காதுக்கா. வச்சா வச்ச இடத்துல இருக்கும். ஆறி அவலாப் போனப்பறம் ஏதோ மருந்து மாதிரி குடிப்பார். முப்பத்தி நாலு வருஷமா இதே கதைதான்."

அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். நானே காய்ச்சினேன். பால் சேர்த்தால் மாவு கட்டியாகும் நேரம் மாறிவிடும் என்று கருங்காப்பியாகவே போட்டு, முள்கரண்டியால் அடித்து, ஐந்து நிமிடம் வைத்து எடுத்துப்போனேன். வாசனை பட்டதும் அவர் முகம் மாறியது. கண் கோப்பையையே பார்த்தது. கரண்டியைக் கொண்டுபோனதும் வாயை இறுக மூடிக்கொண்டார். இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். பிறகு மனைவியைக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கீழே அழுத்தினார்.

"நம்மளை வெளிய போகச் சொல்றார் போல," என்றார் மனைவி.

போனோம். தானாக எடுத்துக் குடிக்கவும் அவரால் முடியாது. கால் மணி கழித்து நான் திரும்பிப் போனால் மறுபடி அதே வாய்ப்பூட்டு, அதே கை. மனைவி ஊட்டிப் பார்த்தார். கெஞ்சினார். ஒரு நாள், "ஏன்யா என்னை இப்படிப் போட்டு வதைக்கிறே?" என்று கத்தவும் செய்தார். அவர் மறுபடியும் மனைவியைக் காட்டி, கையைக் கீழே அழுத்தினார். கண்ணில் நீர் வந்தது, வாய் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு முறை, பன்னிரண்டு நாள், பதிவேட்டில் நான் எழுதினேன்: மறுத்தார்.

அதைப் படித்துவிட்டுத்தான் குழாய் போட்டார்கள். கையைக் கட்டியது நான். துணியைச் சுற்றி, தோல் உரியாமல், இரண்டு விரல் நுழையும்படி விட்டுக் கட்டினேன்.

குழாய் போட்ட மூன்றாம் நாள் ஜீப்காரர் வந்தார். அந்தக் குழுவுக்கு இருபது வருடம் ஜீப் ஓட்டியவர். காது கொஞ்சம் மந்தம், அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

"என்ன அண்ணே, எங்க எல்லாரையும் நிக்க வச்சுட்டு நீ படுத்துட்டியே! இது நியாயமா?"

அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது.

மனைவி ஜீப்காரருக்குக் காப்பி கொண்டுவந்தார். குழாய் இருந்தாலும் வாய் மறந்துவிடக் கூடாது என்று நான் அன்றாடம் இரண்டு கரண்டியாவது முயற்சி செய்வேன். அன்றும் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, கெட்டிக் காப்பியோடு உட்கார்ந்தேன். வாய் மூடியது. கை எழுந்து ஜீப்காரரைக் காட்டியது, மனைவியைக் காட்டியது, என்னைக் காட்டியது, கீழே அழுத்தியது.

ஜீப்காரர் பெரிதாகச் சிரித்தார். "அட, இன்னுமா அண்ணே இந்தப் பழக்கம்? சரி சரி, குடிச்சுடறேன்." ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையைத் தரையில் கவிழ்த்து வைத்தார். "அண்ணி, நீங்களும் குடிங்க. அம்மா, உங்க கோப்பை எங்க? நீங்க குடிக்காம அவர் எப்படிக் குடிப்பார்?"

எனக்குப் புரியவில்லை. நோயாளி முன்னால் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்பது பயிற்சியில் முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. முப்பது வருடமாக மீறியதில்லை. அப்படித்தான் சொன்னேன்.

"அதெல்லாம் உங்க சட்டம். இது எங்க கூடாரத்துச் சட்டம். ஒரு தடவை பாலத்துக்கு அளக்கப் போய் அஞ்சு நாள் மழையில மாட்டிக்கிட்டோம். பொடி தீர்ந்துக்கிட்டு வருது. அண்ணன்தான் காய்ச்சினார், அவரும் முதல்லயே ஒரு கோப்பை எடுத்துக்கிட்டார். அளவுச் சங்கிலி இழுக்கிற ஆளுக்குக் காய்ச்சல். கடைசியா எழுந்து வந்தான், பாத்திரத்துல ஒரு சொட்டு இல்ல. ஒண்ணும் சொல்லாம போய்ப் படுத்துக்கிட்டான். அன்னையிலேர்ந்து எல்லாரும் குடிச்சுட்டுக் கோப்பையைக் கவுத்து வைக்கணும். கையைக் கீழே அழுத்துறது அதுக்குத்தான். கவுந்த கோப்பையை எண்ணிப் பார்த்துட்டுத்தான் இவர் குடிப்பார். யார் காய்ச்சினாலும் இவர் கடைசி. அடிமண்டிதான் மிஞ்சும், அதையும் சப்புக்கொட்டிக் குடிப்பார்."

மனைவி எழுந்துபோய் இரண்டு கோப்பை கொண்டுவந்தார். நின்றபடியே குடித்தார். நானும் குடித்தேன். நாக்கு வெந்தது. இரண்டு கோப்பையையும் தரையில் கவிழ்த்தோம்.

அவர் மூன்றையும் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

ஒன்பது கரண்டி. புரையேறவில்லை, ஒரு இருமல் கூட இல்லை. ஜீப்காரர், "அடி சக்கை!" என்றார். மனைவி சமையலறைக்குப் போய்விட்டார். நான் பாத்திரம் கழுவப் போனபோது குழாயடியில் நின்றிருந்தார்.

"நான் எப்பவும் அவர் குடிச்சப்பறம்தான் குடிப்பேன்க்கா. எங்க வீட்டுல அப்படித்தான் வளர்ந்தேன். அவர் குடிக்கட்டும்னு நான் எதிர்ல உக்காந்திருப்பேன். அவர் குடிக்கவே மாட்டார். சலிச்சுப் போய் எழுந்து இங்க வந்துடுவேன். அப்பறம்தான் எடுப்பார். உள்ள வந்து நான் குடிச்சாச்சுன்னு நெனச்சிருப்பார் போல." பிறகு சொன்னார், "நான் பொடியை மாத்தினேன். கடையை மாத்தினேன். பாத்திரத்தைக் கூட மாத்தினேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டா, புடிக்கலைன்னு சொல்லிடுவாரோன்னு பயம்."

மறுநாள் ஜீப்காரர் மறுபடி வந்தார், கையில் ஒரு பொட்டலம் பொடியோடு. "காத்து வாங்கிக் குடிச்சாத்தான் அண்ணனுக்கு இறங்கும்," என்று அவரைச் சக்கர நாற்காலியில் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். மூலையில் மண்ணைத் தோண்டி ஒரு சாண் குழி எடுத்தார். பக்கத்தில் இன்னொரு சின்னக் குழி. இரண்டையும் அடியில் துளையிட்டு இணைத்தார். அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், எவ்வளவு காற்றடித்தாலும் தீ அணையாது, புகையும் குறைவு என்றார். விறகு நனைந்திருந்தால் தகரடப்பாவில் மணலை நிரப்பிப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவார்களாம். "கோடையில காட்டுக்குள்ள தீயே மூட்டக் கூடாது. அப்ப இவர் பொடியைத் துணியில முடிஞ்சு, பச்சத் தண்ணி பாட்டில்ல போட்டுப் படுத்துடுவார். காலையில ஜில்லுனு காப்பி. முதல் தடவை நாங்கள்லாம், இது செத்தவனுக்குக் குடுக்கிற காப்பியான்னு கேட்டோம். ரெண்டாவது நாள் ஆளுக்கு ரெண்டு கோப்பை கேட்டோம்."

தண்ணீர் கொதித்ததும் ஜீப்காரர் பொடியை எடுத்தார். கோலண்ணனுடைய இடது கை சட்டென்று எழுந்தது.

"தெரியும் அண்ணே, தெரியும். இறக்கி வச்சு முப்பது எண்ணணும். இல்லன்னா கசக்கும். நீ படுத்துட்டாலும் அதிகாரம் போகலையே!"

எண்ணினார். பொடியைப் போட்டு, கலக்கி, மூடினார். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சைத் தண்ணீரை விரலால் மேலே தெளித்தார். மிதந்த பொடியெல்லாம் மெதுவாக அடிக்குப் போனது. பாத்திரத்தை ஆட்டாமல் சாய்த்து ஊற்றினார்.

மனைவி துவைக்கும் கல்லில் கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். முதல் கோப்பை மனைவிக்கு. கணவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடாக, அவசரப்படாமல் குடித்து முடித்தார். அந்த வீட்டில் அப்படி உட்கார்ந்து குடித்தது முதல் முறை. "நல்லா இருக்கு," என்றார். கணவர் கண்ணை எடுக்கவே இல்லை.

மாவு கலந்து கொடுத்ததில் அன்று பத்தொன்பது கரண்டி. நான்காம் நாள் முக்கால் லிட்டரைத் தொட்டோம். பால், தண்ணீர், பழச்சாறு எதுவானாலும் நாங்கள் குடித்துக் கவிழ்த்துவிட்டால் வாங்கிக்கொண்டார். ஒரு நாளைக்கு ஆறு தடவை குடித்து எனக்கும் மனைவிக்கும்தான் வயிறு உப்பியது. கையைக் கட்டுவதை நிறுத்தினேன். நர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் இதே அளவு போகட்டும். குழாயை எடுத்துடலாம்," என்றார்.

வாரம் முடியவில்லை. ஆறாம் நாள் காலை, குழாய் உணவு கொடுத்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தார். தலைமாட்டைச் சரியான உயரத்தில்தான் வைத்திருந்தேன். குழாய் இருக்கும்போது இது நடக்கும், எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. வயிற்றிலிருந்து ஏறியது நுரையீரலில் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். அங்கே வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கு மூச்சு நின்றது.

வார்டுக்கு வெளியே நீள பெஞ்சு ஒன்று இருந்தது. காகிதம் தயாராகும் வரை நாங்கள் இருவரும் அதில் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. முதல் நாளே நான் அவர் முன்னாடி குடிச்சிருந்தா, குழாய் வந்திருக்காது இல்ல?"

இந்த மாதிரிக் கேள்விக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு. அதைச் சொல்லவில்லை.

"வந்திருக்காது," என்றேன். "ஆனா அது உங்களுக்குத் தெரியாதும்மா. பேச முடிஞ்ச காலத்துல உங்களுக்கு அவர் சொல்லவே இல்ல. எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை கையைக் காட்டிச் சொன்னார். நான்தான் மறுத்தார்னு எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தாலும் சரிதான்.

"உங்களுக்கும் எப்படித் தெரியும்?" என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவர் சட்டையையும் கண்ணாடியையும் எந்த ஜன்னல்ல கேட்டு வாங்கணும்?"

"வலது பக்கம், மூணாவது," என்றேன். அவர் முன்னால் போனார். நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.