ஜோடியாகப் போட்ட பெயர்

ஈப்போவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் செபாஸ்டியனுக்குப் பிழை திருத்தும் வேலை. வேலை என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அது அவரைப் பிடித்த பேய். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் சுவரில் எழுதிய பலகாரப் பெயர்களில் விட்டுப்போன எழுத்தைத் தேடுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வாசல் பதாகையைப் பார்ப்பார். ஒரு பிழை அகப்பட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும் மனிதருக்கு.

இந்தப் பேய்க்குத் தீனி போட்டு வளர்த்தவள் அவர் மனைவி ரோசம்மா. இருவரும் ஆயர் தாவார் பக்கத்துக் கித்தாத் தோட்டத்துப் பிள்ளைகள். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது ஈப்போவுக்கு வந்தவர்கள். அச்சகத்தில் முடியாததை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். சாயங்காலம் சமையலறை மேசையில் அவர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருக்க, கையெழுத்துப் பிரதியை அவள் சத்தமாக வாசிப்பாள். கமா, புள்ளி, கோடு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரிந்ததைத் தானே படித்தால் கண் ஏமாற்றிவிடும். இருக்க வேண்டியதைப் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது. அதற்குத்தான் இன்னொருவர் வாய்.

ரோசம்மாவின் வாயோ பிரதியோடு நிற்காது.

“திரு பத்துமலை, கோடு, திருமதி தனபாக்கியம் தம்பதியரின் மூத்த மகள்... ஏங்க, இது லகாட்ல இருக்குற நம்ம பத்துமலை மவளா? அதுக்குள்ள கல்யாணமா? சின்னப் புள்ளயா இருந்துச்சுலா!”

“வேலையப் பாரு” என்று செபாஸ்டியன் அதட்டுவார். அதட்டிவிட்டு, மாப்பிள்ளை எந்த ஊர் என்று அவரே கேட்பார்.

அவள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அடக்கத்தன்று யாரோ அவசரமாக அடித்த அறிவிப்பில் அவள் பிறந்த தோட்டத்தின் பெயர் தப்பாகப் போய்விட்டது. அதைப் பார்க்கும் நிலையில் அன்று அவர் இல்லை. ஊரார் வீட்டுக் காகிதத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு, சொந்தப் பெண்டாட்டியுடையதைக் கோட்டை விட்டோமே என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால், முதலாண்டுத் திருப்பலி முடிந்து தேவாலய வாசலில் கொடுக்கும் நினைவு அட்டையை அவரே எழுதினார். இதில் ஒரு புள்ளிகூடப் பிசகக் கூடாது. அவளுக்கு இனி அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

எழுதியதைப் படித்தார். கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் படித்தார். அடிக்கோலால் மறைத்து வரி வரியாகப் படித்தார். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொருவர் வாசித்துக் கேட்காமல் எந்தப் படியையும் அவர் அச்சுக்கு விட்டதில்லை. அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் தினேஸ்வரியைக் கூப்பிட்டார்.

“கொஞ்சம் வாசிம்மா. கமா புள்ளியெல்லாம் சொல்லணும்.”

“தெரியும்லா அண்ணே.”

தினேஸ்வரி ஓட்டமாக வாசித்தாள். நல்ல குரல், தெளிவான வாசிப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் நடுவில் எதையும் கேட்கவில்லை. இது யாரு, எந்த ஊரு என்று நிற்கவில்லை. நிற்கமாட்டாளா என்று செபாஸ்டியனுக்கு மனம் ஏங்கியது. ஏங்கிக்கொண்டிருக்கும்போதே, கடைசி வரியில் அவள் நின்றுவிட்டாள்.

“என்னம்மா?”

“அண்ணே... இத நீங்களே பாத்துருங்க.”

“வாசி, பரவால்ல.”

அவள் மெதுவாக வாசித்தாள். “அன்போடு நினைவுகூரும் குடும்பத்தினர். திரு செபாஸ்டியன், கோடு, திருமதி ரோசம்மா. மகள் பமேலா.”

புதுமனை புகுவிழாவோ காதுகுத்தோ, இந்தப் பக்கத்து அட்டைகளில் பெயரைப் போட்டால் ஜோடியாகத்தான் போடுவார்கள். கணவன் பெயர், ஒரு கோடு, மனைவி பெயர். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தன் பெயரைத் தனியாக எழுதி அவர் கைக்குப் பழக்கமில்லை. அத்தனை தடவை படித்தும் அது அவருக்குப் பிழையாகவே தெரியவில்லை. அவளுக்கு அஞ்சலி செலுத்தும் வரிசையில் அவளையே நிறுத்திவைத்திருந்தார்.

“எடுத்துரட்டுமா அண்ணே?”

செபாஸ்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தும் எழுத்து தெளியவில்லை. “எடுத்துரு. தப்பு தப்புதான்” என்றார்.

தினேஸ்வரி அழித்தாள். கணினித் திரையில் திரு செபாஸ்டியன் என்பதும், பக்கத்தில் அந்தரத்தில் ஒரு கோடும் மிஞ்சின.

“கோட்டையும் எடுத்துட்டு, பேர நடுவுல கொண்டுவந்துர்றேன்.”

“வேணாம்மா” என்றார் அவசரமாக. “கோடும் இருக்கட்டும். எடமும் அப்படியே இருக்கட்டும்.”

“பாக்குறவங்க பேரு விட்டுப்போச்சுன்னு சொல்வாங்களே.”

“சொல்லட்டும்.”

சொன்னார்கள்தான். திருப்பலி முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, லூமுட்டிலிருந்து வந்திருந்த பமேலா, கொடுத்துக்கொண்டிருந்த அட்டைகளோடு அவரிடம் ஓடிவந்தாள்.

“அப்பா, இங்க பாருங்க, கோடு போட்டுட்டு ஒண்ணுமே இல்ல. ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. நீங்க பாக்கலையா?”

“பாத்தேன்மா.”

“பின்ன?”

“அத மட்டும் திருத்த மனசு வரல.”

பமேலா அட்டையை மறுபடி பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்ச அட்டைகளைக் கொடுத்து முடிக்கும்வரை அந்தக் கையை விடவில்லை.

சாயங்காலம் அவள் ஊருக்குத் திரும்பியதும் செபாஸ்டியன் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு சமையலறை மேசைக்கு வந்தார். எதிர் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்து வைத்தார். முதல் வரியிலிருந்து சத்தமாக, கமா புள்ளியெல்லாம் சொல்லி வாசித்துக்கொண்டே வந்தார். அவள் பிறந்த தோட்டத்தின் பெயர் சரியாக இருந்தது. கடைசி வரிக்கு வந்தார்.

“திரு செபாஸ்டியன், கோடு” என்றார். அடுத்ததை அவள்தான் வாசிக்க வேண்டும். காத்திருந்தார்.