லயத்து வாசலில் ஒரு கடை

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயம் ஒன்று தீப்பற்றி எரிந்தபோது, என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் போட்டிருந்த உடுப்போடு மட்டும் வெளியே வந்தார்கள். அரிசியும் பருப்பும் கோயிலிலிருந்தும் சேர்ச்சிலிருந்தும் வந்துவிட்டன. காலில் போடும் சப்பாத்துக்கும் புத்தகப் பைக்கும்தான் வழியில்லை. அவை இல்லாமல் பள்ளிக்கூடம் வரப் பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள்.

குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த என் தங்கை ஒரு யோசனை சொன்னாள். "நம்ம வீட்ல சும்மா கெடக்குற சாமானையெல்லாம் வாசல்ல போட்டு விப்போம்க்கா. நான் வேல செஞ்ச வீட்ல அப்படித்தான் வித்து தர்மத்துக்குக் குடுத்தாங்க."

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வீட்டு சாமான வித்தா, நாம நொடிச்சுப் போயிட்டோம்னு பேசுவாங்க."

"பேசட்டும்ப்பா. புள்ளைங்க சப்பாத்தோட பள்ளிக்கூடம் போனா அதையும் பேசுவாங்கல்ல?" என்றாள் தங்கை.

தோட்டத்தில் பழைய பொருளைக் கேட்டால் கொடுப்போம், விற்கிற பழக்கமில்லை. எனக்கும் தயக்கம்தான். ஆனால் அம்மா கண்ணாடி அலுமாரியைத் திறந்து, விருந்தாளிக்கென்று வைத்து எந்த விருந்தாளிக்கும் எடுக்காத பீங்கான் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பின்வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பரப்பினோம். கம்பளிகள், சட்டிகள், சூட்கேஸ்கள், தங்கை குவைத்திலிருந்து சுமந்து வந்த மேசை மின்விசிறி. எங்கள் லிந்துலை மலைக் குளிரில் மின்விசிறி எதற்கென்று யாராவது கேட்டால் அவள் முறைப்பாள்.

வந்தவர்கள் பார்த்தார்கள், யாரும் தொடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தி, "டீச்சர், ஏதும் கஷ்டமாங்க?" என்றார். மழை வேறு தூற ஆரம்பித்தது. தங்கை தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள்.

"உள்ள எடுத்துருவோமா?" என்றேன்.

"நீங்க வேணா போங்கக்கா. நான் இங்கதான் இருப்பேன்."

நானும் போகவில்லை.

பாண் ரொட்டி விற்கும் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. அதன் சிங்கள ஓட்டுநர் என்ன விஷயமென்று விசாரித்தார். தங்கை சிங்களத்தில் விளக்கியதும், வெக்கையான ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கென்று மின்விசிறியை வாங்கி, பாண் தட்டுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அதோடு போகவில்லை. அடுத்த லயத்தில் பாட்டை நிறுத்திவிட்டு அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கூவியது எங்களுக்கே கேட்டது. "டீச்சர் வீட்ல சாமான் இருக்கு! தீப்பத்துன லயத்துப் புள்ளைக்கி! போங்க, போங்க!"

சனம் வந்தது. கம்பளிகளும் கோப்பைகளும் போயின.

மத்தியானத்துக்குப் பிறகு, எரிந்த லயத்திலிருந்தே ஒரு அக்கா வந்தார். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் மற்றக் குடும்பங்களோடு தங்கியிருந்தவர். ஒரு சோற்றுச் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சும்மா எடுத்துட்டுப் போங்கக்கா," என்றேன்.

அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். "சும்மா வாங்கி வாங்கி கை கூசுது டீச்சர். வெல சொல்லுங்க."

தங்கைதான் சட்டென்று ஒரு விலை சொன்னாள். அவர் பாதிக்குக் கேட்டார். "அடி கனத்தப் பாருங்க, கட்டுப்படியாகாது," என்றாள் தங்கை. அவர் விடவில்லை. இருவரும் சந்தையில் போல மல்லுக்கட்டி ஒரு விலைக்கு வந்தார்கள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சிரித்தார். தீக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் சேர்ந்த காசை எண்ணிப் பார்த்தால், எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாது. பகல் முழுக்க வெளியே தலைகாட்டாத அப்பா, தன் கல்யாணக் கோட்டை உதறிக்கொண்டு வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் போடுவோம். இதையும் வைங்க. நானே விக்கிறேன்."

சொன்னபடி விற்றார். தலவாக்கலை சப்பாத்துக் கடையில் கடைசிப் பிள்ளையின் காலுக்கும் அளவு பார்த்து வாங்கும்வரை, நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை போடுவதை நிறுத்தவில்லை.